நான்கு நூல்கள், ஒரு மலைநாடு



நூலொன்றைப் படித்து முடித்தவர் நன்று என்றோ நன்றன்று என்றோ கூறிவிடுதல் எளிது. காரணம் காட்டிக் கூறுதலே அரிது. கண்டி மாநகரத்து வாசகர் ஒருவர் அண்மையில் வெவ்வேறு வகையைச் சேர்ந்த நான்கு நூல்களைப் படித்து முடித்தார். நான்கும் கண்டியோடும் அதனைச் சூழ்ந்த மலைகளோடும் தொடர்புடையவை. அவற்றைப் பற்றி அவர் கொண்ட கருத்துகளே இப்பேச்சின் பொருள்.

முதலாவது, இராபர்ட் நொக்ஸ் 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட இலங்கை பற்றிய ஆங்கில நூல். 1660இல் சிறைப்பட்ட அவர், 1679இல் தப்பிச் செல்லும்வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்தார்; தொப்பி பின்னி விற்றும் நெல்லைக் கடன் கொடுத்தும் பிழைத்தார். பின்னல் தொப்பி ஒன்றை விலையாகக் கொடுத்து அவர் ஆங்கில விவிலியம் ஒன்றைப் பெற்ற செய்தி, நூலின் அருமை அறிந்தோர் எவரையும் உருக்கும். உழவையும் உணவையும் வழக்கங்களையும் பற்றி நொக்ஸ் எழுதியவற்றை வாசகர் பெரிதும் பாராட்டுகிறார்; மன்னன் இரண்டாம் இராசசிங்கனைப் பற்றிய பகுதிகளை மட்டும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்கிறார். சிறைப்பட்டவன் தன்னைச் சிறைப்படுத்தியவனை நடுநிலை நின்று மதிப்பிடுதல் எளிதன்று அன்றோ?

இரண்டாவது, கண்டியில் 1838இல் பிறந்த அறிஞர் சித்திலெப்பை எழுதிய ‘அசன்பே சரித்திரம்’. 1885இல் வெளிவந்த இதனை இலங்கையின் முதல் தமிழ் நாவல் எனப் பலரும் கொள்வர். இக்கால வாசகனுக்கு இக்கதையில் தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி எனத் தோன்றலாம். எனினும் கல்வியும் ஒழுக்கமும் மனிதனை உயர்த்தும் என்னும் உறுதி நூல் முழுவதும் ஒளிர்கிறது. ஆயின் கதை எகிப்திலும் இந்தியாவிலும் நிகழ்கிறது. தமிழகத்துத் தொழிலாளர் மன்னாரிலிருந்து மாத்தளை வழியாகக் கால்நடையாய் நடந்து, கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த நூற்றாண்டு அது. அவர்களை எழுதாமை ஆசிரியரின் குற்றமன்று; அவர் எடுத்துக்கொண்ட பணி வேறு. ஆயினும் வீட்டு வாயிலைக் கடந்து சென்றோரின் கதை எங்கே என்று வாசகர் கேட்கிறார்.

அக்கதையைச் சொல்வது மூன்றாவது நூல்: கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’. வெளிவந்த ஆண்டு 1964. தொலைவில் தெரியும் பசுமையை நம்பி வந்தோர் கண்டது என்ன என்பதைத் தலைப்பே உணர்த்திவிடுகிறது. சிற்சில இடங்களில் இரக்கம் மிகுந்து கதையின் நடை தளர்கிறது என்பது வாசகர் காணும் குறை. அவ்விரக்கமின்றி இந்நூல் பிறந்திராது என்பதனையும் அவர் மறவாது கூறுகிறார்.

நான்காவது, சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’. 1914இல் தோட்டத்திலே பிறந்து, 1947இல் நாடாளுமன்றம் சென்றவர் அவர். அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம், அவரைத் தேர்ந்தெடுத்த மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. நான்கு நூல்களுள் தம் கையில் என்றும் இருக்க வேண்டியது இதுவே என்கிறார் வாசகர். ஏனையவற்றில் ஒருவர் பிறரைப் பற்றிப் பேசுகிறார். இதில் மக்கள் தாமே பேசுகின்றனர். தாலாட்டும் ஒப்பாரியும் எழுதப்படிக்க அறியாத தாய்மாரின் படைப்புகள். அவற்றைப் பாடினோர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இந்நூலிலும் ஒரு குறை உண்டு. அச்சில் சொல் நிற்கிறது, மெட்டு நிற்பதில்லை. ஒப்பாரியை மௌனமாகப் படித்து எவர் அழுவர்? தோட்டப்புறங்களில் முதியோர் நாவில் இன்னும் சில மெட்டுகள் எஞ்சியுள்ளன. அவர்கள் மறைந்தால் அவையும் மறையும். மலைநாட்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டிமாரின் அருகில் அமர்ந்து, பாட்டை எழுதி, குரலையும் பதிவு செய்வாராயின், வேலுப்பிள்ளை தொடங்கிய நூல் நிறைவுறும்.