முகம் தெரியாதவருக்கு எவ்வளவு?

பொருளாதாரத்தில் பட்டம் பெறும் மாணவர்களே,

1986இல் வெளியான ஓர் ஆய்வுக்காக டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களிடம் 20 டாலரைப் பங்கிடச் சொன்னார்கள். வாங்குபவர் யாரென்று தெரியாது. வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு வழியில்லை. ஆளுக்குப் பத்து, இல்லையேல் தனக்குப் பதினெட்டு, அவருக்கு இரண்டு. 76 சதவீதம் பேர் சரிபாதி கொடுத்தார்கள். மனிதன் தன்னலமி என்று எழுதிவைத்த பாடநூல்களுக்கு இது சங்கடம். அதே பாடநூல்களைப் படித்துத்தான் நீங்கள் தேர்ச்சி பெற்றீர்கள், அது வேறு விஷயம்.

மகிழ்ந்துவிட வேண்டாம். 1994இல் வெளியான ஆய்வில் எலிசபெத் ஹாஃப்மன், வெர்னன் ஸ்மித் குழுவினர், யார் எவ்வளவு கொடுத்தார் என்பது ஆய்வாளருக்கே தெரியாதபடி ஏற்பாடு செய்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் ஒரு காசும் கொடுக்கவில்லை.

அப்படியானால் நண்பருக்குக் கொடுப்பதும் வெறும் கணக்குத்தானா? ஸ்டீபன் லைடரும் சக ஆய்வாளர்களும் ஹார்வர்ட் மாணவர்களிடையே பாசத்தையும் கணக்கையும் பிரித்துப் பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். கொடுத்தது யாரென்று நண்பருக்குத் தெரியவே போவதில்லை என்றபோதும், அந்நியருக்குக் கொடுத்ததைவிட 52 சதவீதம் அதிகம் கொடுத்தார்கள். அது பாசம். தெரியவரும் என்றால், கொடுப்பவர் இழப்பதைவிட வாங்குபவர் பெறுவது கூடுதலாக இருந்த ஆட்டங்களில், மேலும் 24 சதவீதம். அது நாளைய கைம்மாறு. பாசத்தின் பங்குதான் பெரிது. எனக்கு இதைவிடப் பிடித்த முடிவு ஒன்று உண்டு: அந்நியரிடம் கை இறுக்கமானவர் நண்பரிடமும் இறுக்கமாகவே இருந்தார்.

அந்நியருக்கான பங்கு மாறாத ஒன்றல்ல. 1999இல் வெளியான ஆய்வில் ஐரிஸ் போனெட்டும் புருனோ ஃப்ரேயும், வாங்குபவர் யாரென்று காட்டினாலே கொடுப்பது கூடுவதைக் கண்டார்கள். அவரைப் பற்றி நாலு விவரம் சொன்னால் இன்னும் கூடியது.

ஆனால் அதே முகம்தான் வேண்டியவர்களுக்குச் சலுகையும் வாங்கித் தருகிறது. உங்கள் விடைத்தாளில் பெயரை மறைத்து டம்மி எண் போட்டது அதனால்தான். மதிப்பெண் போடும் இடத்தில் அந்த எண் நியாயம். வெள்ள நிவாரண மனுவிலும் எண்ணை மட்டும் பார்த்தால், ஹாஃப்மனின் ஆய்வுக்கூடத்தில் நடந்தது அங்கேயும் நடக்கலாம் என்பது என் சந்தேகம். உங்களில் சிலர் வங்கிக்கும் அரசு அலுவலகத்துக்கும் போவீர்கள். மனுப் படிவங்களை வகுக்கும் பொறுப்பும் வரும். எந்தப் படிவத்தில் பெயரை மறைக்கலாம், எதில் மனுதாரரை நேரில் வரச்சொல்லி நாற்காலி போடலாம் என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.