விற்றமின் ஏ: நோயை எதிர்கொள்ளும் பிள்ளைக்கு ஓர் அரண்

 

மஃரிப் வேளையில் முற்றத்தில் விளையாடும் பிள்ளை வாசற்படியில் தடுக்கி விழுந்தால், விளையாட்டுத்தனம் என்றே நாம் எண்ணுவோம். மங்கிய ஒளியில் பார்வை குன்றும் மாலைக்கண் என்னும் குறையும் இவ்வாறே வெளிப்படலாம். விற்றமின் ஏ குறைவதே அதற்குப் பெரும் காரணம் என்பது பழைய செய்தி. அக்குறை கண்ணோடு நின்றுவிடாமல் உயிரையும் தொடுகின்றது என்பதை உலகம் அறிந்து இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஆகவில்லை.

இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் அல்பிரட் சோமர் என்னும் அமெரிக்கக் கண் மருத்துவர் ஆயிரக்கணக்கான சிறு பிள்ளைகளைத் தொடர்ந்து அவதானித்தார். இலேசான மாலைக்கண் உள்ள பிள்ளைகள், அது இல்லாத பிள்ளைகளை விடப் பன்மடங்கு அதிகமாக இறந்ததை 1983இல் அவர் எடுத்துக்காட்டினார். அடுத்து ஆச்சே மாநிலத்தில் 450 கிராமங்களைத் தெரிந்து, ஒரு பகுதிக் கிராமங்களின் பிள்ளைகளுக்கு மட்டும் ஆறு மாத இடைவெளியில் விற்றமின் ஏ கொடுக்கப்பட்டது. அங்கு மரணம் மூன்றிலொரு பங்கு குறைந்தது. 1986இல் வெளியான இம்முடிவை மருத்துவ உலகில் பலர் உடனே ஏற்கவில்லை.

அந்த ஐயத்தைத் தீர்ப்பதில் பெரும்பங்கு கொண்ட ஆய்வு நமக்கு அண்மையில், தமிழ்நாட்டில் நடந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாஹ்வும் அவரது குழுவினரும் 15,419 பாலகர்களைத் தெரிவு செய்தனர். ஓராண்டு காலம் ஊழியர்கள் வாரந்தோறும் வீடுவீடாகச் சென்று மருந்து ஊட்டினர். ஒரு சாராருக்கு விற்றமின் ஏயும் ஈயும், மறு சாராருக்கு ஈ மட்டும். எது யாருக்கு என்பது ஊட்டியவர்களுக்கும் தெரியாது. 1990இல் முடிவு வெளிவந்தது. விற்றமின் ஏ பெற்றவர்களிடையே மரணம் 54 சதவீதம் குறைந்திருந்தது.

இவ்வாய்வில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இரண்டு விடயங்கள் உள. முதலாவது, அங்கு ஊட்டப்பட்டது பேரளவான மருந்தன்று. ஒரு பிள்ளை ஒரு வாரத்து உணவிலிருந்து பெறவேண்டிய அளவை ஒத்ததுதான். இரண்டாவது இன்னும் வியப்பானது. வயிற்றோட்டமும் சுவாச நோயும் இரு சாராரையும் ஏறத்தாழ ஒரே அளவில் பீடித்தன. நோய் வருவதை விற்றமின் தடுக்கவில்லை. வந்த நோய் உயிரைக் கொண்டுபோவதையே தடுத்தது. குடல், மூச்சுக்குழாய், கண் ஆகியவற்றின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மெல்லிய உறை பழுதின்றி இருப்பதற்கும், கிருமிகளை எதிர்க்கும் கலங்கள் முறையாக வளர்வதற்கும் விற்றமின் ஏ இன்றியமையாதது. அவ்வுறை காய்ந்து வெடித்தால் சாதாரண நோயும் உடலில் ஆழ வேரூன்றும்.

நமது வாழைச்சேனைக்கு வருவோம். ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல், வேலியோரம் முருங்கை. பொன்னாங்காணி, பூசணி, பப்பாளி, மாம்பழம் எவையும் நமக்கு அரிய பொருள்களல்ல. இவற்றிலுள்ள கரோட்டினை உடல் விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்ளும். அதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும். ஆகவே தேங்காய்ப்பூச் சேர்த்த கீரைச் சுண்டல் நம் மூத்தம்மாமாரின் அறிவு. தலையோடும் முள்ளோடும் உண்ணும் நெத்தலியில் கல்சியமும் நாகச் சத்தும் உண்டு. குர்பான் இறைச்சியோடு வரும் ஈரலில் விற்றமின் ஏயும் இரும்பும் செறிந்துள்ளன. பிள்ளைக்கு ஒரு சிறு துண்டே போதும். இத்தனையும் இருக்க, காலையில் பிளேன்டீயில் தோய்த்த பிஸ்கட்டோடு பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புகின்றோம். உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைத் தேயிலைச் சாயம் குறைக்கின்றது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

தாய்மாரே, பிரசவித்தவுடன் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பிழிந்து ஊற்றிவிடாதீர்கள். சிசுவுக்குக் கிடைக்கும் முதல் விற்றமின் ஏ அதுவே. பாலூட்டலைப் பூரணப்படுத்த விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என அல்குர்ஆன் கூறுவதை நாம் அறிவோம்.

சின்னமுத்து பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். 2019இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடு என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும் 2023இல் அது மீண்டும் தலைகாட்டியது. 2024 ஜனவரியில் ஒன்பது பகுதிகளில் கைக்குழந்தைகளுக்கு மேலதிகத் தடுப்பூசி போடப்பட்டது. நமது கிழக்கின் கல்முனையும் அவற்றில் ஒன்று. நல்ல உணவு உண்ணும் பிள்ளைக்கு ஊசி எதற்கு எனக் கேட்போர் நம்மிடையே இருக்கின்றனர். முருங்கையிலை சின்னமுத்துக் கிருமியைத் தடுக்காது. ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் போடப்படும் ஊசியே அதனைத் தடுக்கும். சின்னமுத்து கண்ட பிள்ளைக்கு மீனும் முட்டையும் ஆகாது எனப் பத்தியம் வைப்பதும் பெருந்தீங்கு. அந்நோய் உடலிலுள்ள விற்றமின் ஏயை விரைந்து கரைக்கின்றது. அதனால் கண்ணொளி இழந்த பிள்ளைகள் உலகில் ஏராளம். எனவேதான் நோயுற்ற பிள்ளைக்கு இரு நாட்கள் தொடர்ந்து விற்றமின் ஏ கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனம் வைத்தியர்களுக்குக் கூறுகின்றது.

இளைஞர்களே, கொரோனாக் காலத்தில் ‘எதிர்ப்புச் சக்தி’ என விற்கப்பட்ட குளிசைகளை வாங்கி வீட்டில் குவித்தோர் பலர். விற்றமின் ஏ மிஞ்சினால் ஈரலைப் பாதிக்கும். கர்ப்பிணி அதனை அளவு மீறி உட்கொண்டால் கருவிலுள்ள சிசுவின் அங்கங்கள் பழுதாகலாம். இரும்பும் அவ்வாறே. மலேரியா மிகுந்த பெம்பா தீவில் சிறுவர் அனைவருக்கும் இரும்புக் குளிசை கொடுத்தபோது, கடும் நோயும் மரணமும் கூடியதை 2006இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பிள்ளைக்குரிய விற்றமின் ஏயை உரிய வயதில், உரிய அளவில் கிளினிக்கில் மருத்துவ மாது தருவார். தந்த திகதி பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் எழுதப்பட்டுள்ளதா என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள். வயிற்றோட்டம் கண்டால் ஜீவனி கரைசலோடு நாகக் குளிசையும் பத்து முதல் பதினான்கு நாட்கள் கொடுக்கப்படும். ஓட்டம் நின்றுவிட்டது என்று மூன்றாம் நாளே நிறுத்திவிட வேண்டாம்.