பூத்த பிறகு வெட்டிப் பயனில்லை!
(பார்த்தீனியம் ஒழிப்புக் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)

  

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வருகிற வழியில் ரோட்டோரம் பாருங்கள். கேரட் தழை மாதிரி இலை, உச்சியில் பொடிப்பொடியாய் வெள்ளைப் பூ. அதுதான் பார்த்தீனியம். செவ்வந்தி, சூரியகாந்திக் குடும்பம். பார்க்க அழகு, குணம் விஷம்.

இது நம்ம மண்ணில் பிறந்ததல்ல. மெக்சிகோ பக்கத்துச் செடி. 1955-இல் புனேயில் இதைக் கவனித்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையோடு கலந்து வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. வெளியூர்ச் செடி எல்லாமே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. நம்ம வரப்பில் கிடக்கிற வெட்டுக்காயப் பூண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அது காயத்துக்கு மருந்தாகிறது. இது நம்மையே காயப்படுத்துகிறது.

இந்தக் கரிசல் காட்டில் ஏன் இப்படிக் கொழிக்கிறது? காரத்தன்மை கொண்ட களிமண் அதற்குப் பிடித்த மண். புரட்டாசி, ஐப்பசியில் ஒரு மழை விழுந்தால் போதும், முளைத்துவிடும். முதலில் இலையைத் தரையோடு தரையாய் விரித்து, பக்கத்தில் புல்லைக் கூட எழவிடாது. வேரிலிருந்தும் இலையிலிருந்தும் கசிகிற நஞ்சு மற்ற விதைகளின் முளைப்பைக் கெடுக்கும். முளைத்த நாலு முதல் ஆறு வாரத்தில் பூத்துவிடும். ஒரு செடி 25,000 விதை வரை கொட்டும். மண்ணுக்குள் புதைந்த விதை பல வருஷம் உயிரோடு கிடக்கும். ஓடைத்தண்ணீர், லாரி டயர், ஆட்டுக் குளம்பு, குப்பை உரம் எல்லாமே அதற்கு வாகனம்.

ஆடு மாடு இதைச் சீந்தாது. பசிக்கு மாடு தின்றுவிட்டால் பால் கசக்கும். பிடுங்குகிறவர்களுக்கு அரிப்பு, கொப்புளம்; மகரந்தத்தால் மூச்சிரைப்பு. மிளகாய், தக்காளி, கத்தரிப் பூவில் இதன் மகரந்தம் படிந்தால் காய்ப்பிடிப்பு குறையும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஆந்திராவின் அனந்தபூரில் நிலக்கடலைக் குருத்துக் கருகியது. சுமார் 2,25,000 ஹெக்டேரில் நோய். 300 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று மதிப்பிட்டார்கள். காரணம் ஒரு வைரஸ். அது தங்கியிருந்த இடம் பார்த்தீனியம். அந்தச் செடி வாடவில்லை, கருகவில்லை, பச்சையாகவே நின்றது. அதன் மகரந்தத்தை இலைப்பேன் சுமந்து போய்க் கடலையில் சேர்த்தது. அனந்தபூரும் நம்மைப் போல வானம் பார்த்த பூமிதான். அதே வைரஸ் பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, சூரியகாந்தியையும் தாக்கும். இதில் எதை நாம் விதைக்கவில்லை, சொல்லுங்கள்?

நம் புஞ்சையை நாம் சுத்தமாய் வைத்திருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது அய்யா. புஞ்சைக்குள் கூலி கொடுத்து நாம் எடுக்கிறோம். ரோட்டோரமும் கண்மாய்க் கரையும் புறம்போக்கும் பூத்து நிற்கிறது. காற்றும் தண்ணீரும் எல்லைக்கல் பார்த்து நிற்குமா? அரசு நிலத்தில் விளைகிற விதைக்குச் சிறு விவசாயி ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

சில இடத்தில் மிஷின் வைத்து வெட்டுகிறார்கள். அதுவும் பூத்து விதை விழுந்த பிறகு! வெட்டின தூர் மறுபடி தளிர்க்கிறது, மிஷினோடு விதை அடுத்த ஊருக்குப் போகிறது. வேலை நடந்ததாகக் கணக்கு, நமக்கு இரட்டிப்புக் களை.

சட்டம் இல்லாமலில்லை. 1919-இலேயே சென்னை மாகாணத்தில் பயிர்ப் பூச்சி, நோய், தீங்குக் களைகளுக்கென்று சட்டம் வந்தது. கர்நாடகம் 1975-இல் பார்த்தீனியத்தைத் தீங்குக் களையாக அறிவித்தது. ஆனால் அறிவிப்பு மட்டும் செடியைப் பிடுங்காது. ஆளும் கூலியும் வேண்டும். ஆகவே நாம் கேட்பது:

1. மழை விழுந்து 25 நாளுக்குள், பூக்கும் முன், பொது இடங்களில் வேரோடு பிடுங்க வேண்டும்.

2. அந்த வேலையை அந்தந்த ஊர் ஆட்களுக்கே கூலியோடு கொடுக்க வேண்டும். கையுறை, முகமூடி இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது.

3. இந்தச் செடியைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984-லேயே பெங்களூரில் விடப்பட்டது. அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் அதை வளர்த்து, மழைக்காலத்தில் விவசாயிகளுக்கு இலவசமாய்த் தர வேண்டும்.

4. பிடுங்கிய இடத்தில் ஆவாரை, கொழுஞ்சி, துத்தி விதை தூவ வேண்டும். வெற்றிடம் விட்டால் பார்த்தீனியம்தான் திரும்ப வரும்.

நமக்கும் கடமை உண்டு. ஈரம் இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். பூக்காத செடியை மட்டும் குழியில் போட்டு மக்க வையுங்கள். பூத்ததைக் குப்பையில் சேர்க்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல்லுப்புக் கரைத்துத் தெளித்தால் செடி கருகும். ஆனால் அது ரோட்டோரத்துக்கு மட்டுமே. புஞ்சைக்குள் தெளித்தால் மண் உவராகிவிடும்.

சீமைக்கருவேலத்தை ஆரம்பத்தில் சும்மா விட்டோம். இன்று கண்மாயைத் தேட வேண்டியிருக்கிறது. இதையும் விட்டால் நாளை புஞ்சையைத் தேட வேண்டியதுதான். மனுக் கொடுக்கும் நாளில் வீட்டுக்கு ஒருவர் தாலுகா ஆபீஸ் முன் கூடுங்கள். வரும்போது ரோட்டோரத்தில் ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பையில் கட்டிக் கொண்டு வாருங்கள். அதுவே நம் மனு!

பூக்கும் முன் பிடுங்கு! பொது நிலத்தைச் சுத்தம் செய்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!