பெட்டி மீன்



கொல்கத்தாவில் அலிப்பூர் என்றால் பலருக்கும் மிருகக்காட்சி சாலைதான் நினைவுக்கு வரும். அது 1876-ல் திறக்கப்பட்டது. பக்கத்திலுள்ள நியூ அலிப்பூரில் இன்னொரு இடமும் இருக்கிறது. அங்குள்ள பிராணிகளுக்கு உயிர் இல்லை. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தலைமை அலுவலகம் அது. 1916-ல் தொடங்கிய நிறுவனம். புழு, பூச்சி, பாம்பு, மீன் என்று நாடெங்கும் கிடைத்த உயிரினங்களைப் பாடம் செய்து வைக்கிறார்கள். என்ன பெயர், எங்கே பிடித்தது என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு உண்டு.

மீனை ஸ்பிரிட் ஊற்றிய புட்டியில் போட்டு வைப்பார்கள். நாளாக ஆக நிறம் போய்விடும். உடம்பும் சுருங்கும். ஆனால் ஒரு மீன் எத்தனை வருடம் ஆனாலும் எளிதில் வடிவம் மாறாது. காயவைத்தாலும் அப்படியே இருக்கும். அதுதான் பெட்டி மீன்.

பெயருக்கேற்ற உருவம். நாலு மூலையும் வைத்துத் தச்சர் இழைத்த பெட்டிக்கு வாலும் துடுப்பும் முளைத்தாற்போல் இருக்கும். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-ல் இதற்கு ‘ஆஸ்ட்ராசியான் கியூபிகஸ்’ என்று பெயர் வைத்தார். ஓடும், கனசதுரமும் சேர்ந்த பெயர் அது. இதற்கு ஒரு பங்காளி உண்டு. அதன் நெற்றியில் இரண்டு கொம்புகள் இருக்கும். மாட்டு மீன் என்று சொல்வார்கள். தமிழ்நாட்டுக் கடற்கரையில் இந்தக் குடும்பத்து மீன்களுக்குக் கடமாடு என்ற பெயரும் வழங்குகிறது.

பெட்டி எப்படி வந்தது? மற்ற மீன்களுக்குச் செதில்கள் ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இதற்கோ செதில்கள் தடித்து, அறுகோண எலும்புத் தகடுகளாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தேன்கூட்டின் அறைகளைப் போன்ற அமைப்பு. கண், வாய், செவுள், துடுப்பு, வால் இவற்றுக்கு மட்டும் ஓட்டைகள் உண்டு.

கவசம் நல்லதுதான். ஆனால் கவசம் போட்டவன் குனிய முடியாதே! மீன் என்றால் உடம்பை வளைத்து நீந்த வேண்டும். பெட்டி வளையாது. அதனால் முதுகு, பக்கம், அடிப்புறம் என்று சிறு சிறு துடுப்புகளை விசிறிபோல் ஆட்டி மெல்லப் போகிறது. அவசரம் என்றால்தான் வாலை வீசும். மூச்சு விடுவதும் வேறு மாதிரி. மற்ற மீன்கள் செவுள் மூடியை விரித்து மூடும். இது வாயின் அடித்தளத்தை ஏற்றி இறக்கித் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

இவ்வளவு மெதுவான மீனைப் பார்த்து ஒரு காரே செய்தார்கள். மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனி 2005-ல் இதன் வடிவத்தில் ஒரு மாதிரிக் காரைக் காட்டியது. தண்ணீரை லேசாகக் கிழித்துப் போகும் உடம்பு, நிலை தடுமாறாத உடம்பு என்று அப்போது சொன்னார்கள். 2015-ல் வந்த ஓர் ஆராய்ச்சி அதை மறுத்தது. அந்த உடம்பு அப்படியொன்றும் லேசாகப் போவதில்லையாம். நிலையாக நிற்பதும் இல்லையாம். பவளப்பாறை இடுக்குகளில் சட்டென்று திரும்ப அந்தத் தடுமாற்றமே உதவுகிறதாம்.

செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரை வெதுவெதுப்பான கடல்களில் இது வாழ்கிறது. அந்தமான், லட்சத்தீவுப் பவளப்பாறைகளிலும் உண்டு. பாசி, கடற்பஞ்சு, புழு, சிறு நத்தை, இவைதான் தீனி. குஞ்சு, நல்ல மஞ்சளில் கறுப்புப் புள்ளி வைத்து, தாயக்கட்டை அளவில் இருக்கும். வளர வளர மஞ்சள் மங்கும். முழுதாக வளர்ந்த ஆண் நீலம் கலந்த நிறத்துக்கு மாறி, ஒன்றரை அடி நீளம் வரை போகும். குஞ்சையும் வளர்ந்ததையும் அருகருகே வைத்தால் ஒரே மீன் என்று நம்புவது கடினம்.

அந்த மஞ்சள் குஞ்சின் மேல்தான் மனிதருக்கு ஆசை. கண்ணாடித் தொட்டிக்காக விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஆபத்தும் அங்கேதான் வருகிறது.

இந்த மீன் பயந்தால் தோலிலிருந்து வழவழப்பான நஞ்சைக் கசியவிடும். முள்ளும் இல்லை, கொடுக்கும் இல்லை. 1967-ல் ஹவாய்த் தீவில் இரண்டு விஞ்ஞானிகள் இதன் உறவு மீன் ஒன்றிலிருந்து அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். அவ்வூர் மக்கள் அந்த மீனைப் ‘பஹு’ என்பார்கள். அதனால் நஞ்சுக்குப் பஹுடாக்சின் என்று பெயர். அது கிட்டத்தட்ட சவுக்காரம் போன்ற பொருள். தண்ணீரில் நுரைக்கும். மீன்களின் செவுளைக் கெடுக்கும். ரத்த அணுக்களை உடைக்கும்.

கடலில் இது நல்ல உபாயம். கவ்வ வந்த பெரிய மீன் விலகிப் போகும். நஞ்சும் அலையில் கரைந்துவிடும். தொட்டியில் அது எங்கே போகும்? வலைபோட்டுத் துரத்தினாலோ, மற்ற மீன்கள் கடித்தாலோ, பெட்டி மீன் நஞ்சை விடுகிறது. கூட இருக்கும் மீன்கள் சாகின்றன. சில சமயம் அதே நஞ்சில் பெட்டி மீனும் சாகிறது. செத்துக்கொண்டிருக்கும்போதும் நஞ்சு கசிவதுண்டு. விவரம் தெரிந்தவர்கள் இதைத் தனித் தொட்டியில் விடுவார்கள். தண்ணீரை உடனே மாற்றவும் கரித்தூள் வடிகட்டி வைக்கவும் ஏற்பாடு செய்துகொள்வார்கள்.

வலையில் தவறி வந்த பெட்டி மீனை, உயிர்மீன் போட்ட வாளியில் சேர்த்துப் போடக் கூடாது. சீக்கிரமாக எடுத்துக் கடலில் விட்டால் அதுவும் பிழைக்கும், வாளி மீனும் பிழைக்கும். ஜப்பானில் சில ஊர்களில் இதன் உறவு மீனைச் சமைத்துத் தின்கிறார்கள். அப்படித் தின்றதால் தசை நோவு கண்டு, சிறுநீர் கறுத்து, ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் உண்டு.