விடுதி அடுக்களையும் பாதாளச் சாக்கடையும்

மாணவர்களே, இராயபுரத்து உணவு விடுதியொன்றில் கழுவுதொட்டி அடைத்துக்கொண்டால், கொதிநீரை ஊற்றினால் போதும் என்பார்கள். அடைப்பு நீங்கியதாகவே தோன்றும். ஆனால் உருகிய கொழுப்பு தெருக்குழாயிற் சென்று குளிர்ந்து, மீண்டும் உறைகிறது. கால்சியத்தோடு கூடிச் சவர்க்காரம் போன்ற கட்டியாக இறுகுகிறது. 2017இல் இலண்டன் வைட்சாப்பல் பகுதியில் அகப்பட்ட கட்டி 250 மீட்டர் நீளம். எடையோ 130 டன்! வடசென்னை கடலோரச் சமவெளி. இயற்கைச் சரிவு குறைவு. ஓட்டம் தளருமிடத்தில் படிவு மிகும்.

தட்டில் மிஞ்சியதை வழித்தெடுத்த பின்னரே கழுவ வேண்டும். பொரித்த எண்ணெயைத் தொட்டியிற் கொட்டலாகாது. தெருக்குழாய்க்கு முன்னே கொழுப்புத் தடுப்புத் தொட்டி ஒன்று வேண்டும். அதில் நீர் சற்றே தங்கும். இலேசான கொழுப்பு மேலே மிதக்கும். அடிப்பகுதி வழியே நீர் மட்டும் வெளியேறும். மிதப்பதை அவ்வப்போது அள்ளாவிடில் தொட்டியிருந்தும் பயனில்லை. அமைத்துவிட்டு மறப்பவரே மிகுதி என்பது என் எண்ணம்.

அடைப்பெடுக்க ஆளை இறக்குவதோ கொடுமை. அழுகிய கழிவிலெழும் ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்தால், மூக்கு மணத்தையே உணராது. எச்சரிக்கையின்றி உயிர் போகும். தக்க பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அவ்வாறு இறந்தவரின் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டுமென 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.