அக்டோபர் 31 இரவும் நம் கல்லறை மெழுகுதிரியும்



அக்டோபர் மாதக் கடைசியில் நம் நகரத்துக் கடைகளிலும் பூசணிக்காய் முகமூடிகள் தலைகாட்டத் தொடங்கிவிட்டன. 'ஹாலோவீன்' என்கிறார்கள். "பிள்ளை கேட்கிறான் சாமி, வாங்கிக் கொடுக்கலாமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். அது பேய் வழிபாடு என்று அஞ்சுவோரும் உண்டு, வெறும் விளையாட்டு என்போரும் உண்டு. பதில் சொல்லுமுன் அந்த நாள் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

பழங்கால அயர்லாந்தில் நவம்பர் தொடக்கம் குளிர்காலத்தின் வாசல். அந்த விழாவுக்குச் 'சௌவின்' என்று பெயர். மேய்ச்சலுக்குப் போன மாடுகளை வீட்டுக்கு ஓட்டி வரும் காலம் அது. இருள் நீளத் தொடங்கும் அந்த இரவில் மறு உலகின் கதவு திறந்துகொள்ளும் என்று பழைய அயர்லாந்துக் கதைகள் சொல்கின்றன.

உரோமையில் நடந்தது வேறு. எல்லாத் தெய்வங்களுக்கும் கோவிலாக இருந்த பாந்தியோனை, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு மே 13 அன்று, திருத்தந்தை நான்காம் போனிபாஸ் அன்னை மரியாவுக்கும் மறைசாட்சிகள் அனைவருக்கும் நேர்ந்தளித்தார். 9ஆம் நூற்றாண்டில் நவம்பர் 1 அனைத்துப் புனிதர் விழாவாக மேற்குத் திருஅவையெங்கும் பரவியது. ஏறக்குறைய 998இல் குளூனி மடத்தின் தலைவர் புனித ஓடிலோ, மறுநாளை இறந்தோர் அனைவருக்காகவும் செபிக்கும் நாளாக்கினார். 'ஹாலோ' என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்குப் புனிதர் என்று பொருள். புனிதர் விழாவின் முந்தின இரவே ஹாலோவீன். பெயரே நம் வீட்டுப் பெயர்தான்.

இடைக்கால இங்கிலாந்தில் ஏழைகள் வீடுவீடாகச் சென்று 'ஆன்ம அப்பம்' பெற்றார்கள். அதற்கு ஈடாக அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகச் செபித்தார்கள். 1840களின் பஞ்சத்தில் அமெரிக்காவுக்குப் போன அயர்லாந்து மக்கள் தங்கள் வழக்கங்களையும் கொண்டு சென்றார்கள். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு செய்தவர்களுக்கு அங்கே பூசணி கிடைத்தது. காலப்போக்கில் செபம் உதிர்ந்தது, மிட்டாய் மிஞ்சியது.

அன்பானவர்களே, இன்றைய ஹாலோவீன் வேடங்களில் இறந்தவர்கள் நம்மை அச்சுறுத்தத் தேடி வருகிறார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் நாம் அவர்களை அன்போடு தேடிப் போகிறோம். வேறுபாடு இதுதான். போரில் இறந்த வீரர்களின் பாவம் தீரும்படி யூதா மக்கபே 2,000 வெள்ளித் திராக்மா திரட்டி எருசலேமுக்கு அனுப்பியதை மக்கபேயர் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். உயிர்த்தெழுதலை அவர் நம்பியதால்தான் அப்படிச் செய்தார். உத்தரிக்கிற ஆன்மாக்களுக்கு நம் செபம் உதவும் என்ற நம் விசுவாசமும் அதுவே.

ஆனால் நம் பங்குகளில் சில பெயர்கள் திருப்பலிக் கருத்தில் வருவதே இல்லை. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட மகனின் பெயரைக் கொடுக்கத் தாய் தயங்குகிறாள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம். அம்மா, தயங்காதீர்கள். அவர்களுடைய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும், அவர்களுக்காகத் திருஅவை செபிக்கிறது என்றும் நம் மறைக்கல்வி நூல் 2283ஆம் எண்ணில் தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பெயரைக் கொண்டு வாருங்கள். பீடத்தில் அதற்கு இடமுண்டு.

ஆகவே முகமூடி கேட்கும் பிள்ளையைத் திட்ட வேண்டாம். அந்த இரவின் உண்மைக் கதையைச் சொல்வோம். அவன் பெயர் கொண்ட புனிதரின் வாழ்வைச் சொல்வோம். நவம்பர் 1 முதல் 8 வரை ஒரு நாளாவது அவனைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிச் செல்வோம். உரிய முறையில் பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை வாங்கி, திருத்தந்தையின் கருத்துக்களுக்காகச் செபித்து, அங்கே இறந்தோருக்காக மன்றாடினால் அவர்களுக்குப் பரிபூரண பலன் உண்டு. நம் தாத்தா பாட்டி கல்லறையில் மெழுகுதிரி ஏற்றியபின், பூவும் இல்லாமல், வருவாரும் இல்லாமல் புல் மூடிக் கிடக்கும் ஒரு கல்லறையைத் தேடி, அங்கேயும் ஒன்று ஏற்றும்படி பிள்ளையின் கையில் கொடுப்போம்.

இறந்த விசுவாசிகள் அனைவரும் இறைவனின் இரக்கத்தால் அமைதியில் இளைப்பாறுவார்களாக. ஆமென்.