வளவிலே ஒரு பலாக் கன்று

(பம்பலப்பிட்டியிற் பெற்றோர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பம்பலப்பிட்டி என்னும் பெயர் பம்பளிமாசு மரத்தால் வந்ததெனக் கூறுவாருளர். அஃது எவ்வாறாயினும், இன்று காலி வீதி வழியே வெள்ளவத்தை வரை நடப்பினும் பம்பளிமாசு மரமொன்றைக் காண்டல் அரிது. மரங்கள் நின்ற வளவுகளிலே மாடிகள் எழுந்துவிட்டன. இதனைக் குறையாகக் கூறவில்லை. குடியிருக்க இடம் வேண்டுமன்றோ? எஞ்சியுள்ள நிலத்தை என் செய்வது என்பதே யான் பேச வந்த பொருள்.

பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் என்பாரைச் சிங்கள மக்கள் 'கொஸ் மாமா', அதாவது 'பலா மாமா', என அழைத்தனர். முதலாம் உலகப் போரையொட்டி உணவுத் தட்டுப்பாடு நேர்ந்த காலத்திலே, நாடெங்கும் பலாக் கன்று நடுவிக்கும் இயக்கத்தை அவர் தொடங்கினார். அவர் 1960இற் காலமானார். 2022இல் அரிசி விலை ஏறியபோது பலாக்காய் அவித்துப் பசியாறிய குடும்பங்கள் பல. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், வீட்டுத்தோட்டஞ் செய்தற்பொருட்டு அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமையில் விடுமுறை வழங்கவும் அமைச்சரவை இணங்கியது.

இனி என் வீட்டுக் கதையைக் கேளுங்கள். என் தாயார் வடக்கிலிருந்த தமது வளவை விட்டுக் கொழும்புக்கு வந்தவர். வந்த நாள்முதல் அவர் அதிகம் பேசுவதில்லை. நாங்கள் பலாக் கன்று நட்ட அன்று மாத்திரம் அலவாங்கை எங்கே குத்துவது, மேல்மண்ணை எந்தப் பக்கம் குவிப்பது என்று எங்களை ஏவிக்கொண்டே இருந்தார். என் மகள் வெறுங்காலால் மண்ணை மிதித்து இறுக்கினாள். நான்கு ஆண்டுகளில் மரம் கூரையளவு வளர்ந்தது. பின்னர், ஒரு ஜூன் மாதத் தென்மேற்குக் காற்றில், அடியோடு சாய்ந்தது. வேலி மட்டுமே முறிந்தது; எனினும் பிள்ளை இரண்டு நாள் அழுதாள்.

தாயார் வேரிலிருந்த மண்ணை உதறிப் பார்த்தார். நாற்றுப் பையினுள்ளே சுருண்ட வேர் நான்கு ஆண்டின் பின்னும் பையின் வடிவிலேயே சுருண்டு கிடந்தது. "பையைக் கிழித்தோம், தம்பி, வேரைப் பார்க்கவில்லை" என்றார். ஊராருக்குப் புத்தி சொல்லும் உத்தியோகம் என்னுடையது! அன்று யான் நாணினேன்.

ஆதலின், நீங்கள் கன்று வாங்கும்போது பையின் அடியை நோக்குங்கள். வேர் வெளியே நீண்டு தடித்திருப்பின் அக்கன்றை விடுங்கள். உயர்ந்த கன்றே நல்ல கன்றென்று எண்ணவேண்டாம். நடும்போது அடியிற் சுருண்ட நுனியைக் கூரிய கத்தியாற் கத்தரித்துவிடுங்கள். குழி நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் மூன்றடி இருப்பது நன்று. கடலோர மணல் நீரைத் தாங்காது. எனவே மேல்மண்ணுடன் நன்கு உக்கிய கூட்டெருவைத் தாராளமாகக் கலந்து நிரப்புங்கள். அடியிலே பொச்சு மட்டைகளை நார்ப்பக்கம் மேலாக ஓரடுக்கு பரப்பினால் ஈரம் நிற்கும். கன்று பையில் நின்ற ஆழத்துக்கு மேல் மண் அணைத்தல் ஆகாது. உப்புக் காற்று தணிந்து, ஒக்டோபர் மழை தொடங்கும் பருவம் இக்கரையோரத்துக்கு ஏற்றது.

பலா பெருமரம்; வீட்டுச் சுவரிலிருந்து இருபத்தைந்து அடியேனும் தள்ளி நில்லாதேல் அதனை நடவேண்டாம். சிறு வளவுக்கு ஒட்டுத் தேசியும் கறிவேப்பிலையும் போதும். மாடியில் வாழ்வோர் பழைய பீப்பாயை இரண்டாக அறுத்து, அடியில் துளையிட்டு, அவற்றையே வளர்க்கலாம். தட்டில் நீர் தேங்கவிட்டால் டெங்கு நுளம்பு பெருகும். தட்டை நாடோறும் கவிழ்த்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு நீர் வார்க்கும் வேலையை மட்டும் கொடுத்துவிட்டு, குழி வெட்டக் கூலியாளை அழைக்கும் பெற்றோரை யான் கண்டதுண்டு. குழி வெட்டுவதிலேயே பிள்ளைக்கு மிகுந்த மகிழ்ச்சி. மண்புழுவையும் பழைய ஓட்டுத் துண்டையும் அவன் வேறெங்கே காண்பான்? கையிற் கொப்புளம் எழுந்தால் எழட்டும்.

எங்கள் இரண்டாவது கன்றை அதே இடத்திலே நட்டோம். இம்முறை கத்தியைத் தாயாரே பிடித்தார். மகள் வேரை விரித்துக் காட்டினாள். இப்பொழுது அதற்கு மூன்று வயது. காய்ப்பதற்கு இன்னும் சில ஆண்டு செல்லும். எண்பது வயதான என் தாயார் காலைதோறும் கீழிறங்கி வந்து, அதன் துளிர்களை எண்ணிவிட்டே தேநீர் அருந்துகின்றார்.